பஞ்சாங்கம் பார்த்துச் சரக்கு எடுத்த சென்னை

சங்கக் கூட்டத்துக்கு வரும் இளைய வணிகர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் இல்லை. எந்த மாதம் எந்தச் சரக்கு எத்தனை மூட்டை போகும் என்று அந்தக் காலத்தில் எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட நமது இதழில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. இன்றைக்கும் இதில் பணம் இருக்கிறது என்பதற்காக.

1970-களில் சென்னையில் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் பஞ்சாங்கமோ தினசரி காலண்டரோ தொங்காத மளிகைக் கடை கிடையாது. அது ராகு காலம், நல்ல நேரம் பார்க்க மட்டும் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பண்டிகை மாதத்தின் எந்தத் தேதியில் விழுகிறது, முகூர்த்த நாட்கள் எத்தனை, ஆடி எப்போது பிறக்கிறது என்று பார்த்துத்தான் கொள்முதல் நடந்தது. வெளியூரில் விளைச்சல் வருகிற மாதம் ஒன்று. பட்டணத்தில் வீட்டுக்காரர்கள் அந்தச் சரக்கைக் கேட்கிற மாதம் வேறொன்று. கொடுத்த கடன் திரும்பி வருகிற மாதம் இன்னொன்று. வரத்து, கிராக்கி, வசூல் என்று நாம் சொல்லும் இந்த மூன்றும் ஒரே மாதத்தில் சேர்ந்து வருவது அபூர்வம். அந்த இடைவெளியில்தான் வியாபாரியின் லாபமும் இருந்தது, நஷ்டமும் இருந்தது.

1971 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 25 லட்சம். அத்தனை பேருக்கும் மளிகைச் சாமான் போனது ஜார்ஜ் டவுனில் சில தெருக்களிலிருந்து. கொத்தவால் சாவடியைச் சுற்றிய அண்ணா பிள்ளை தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மலையபெருமாள் தெரு, ஆதியப்ப நாயக்கன் தெரு என்று இன்றும் நமக்குப் பழக்கமான பெயர்கள்தான். காய்கறியும் பழமும் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை இந்தத் தெருக்களில் விடிவதற்கு முன்பே நடக்க இடமிருக்காது. ரயிலில் வரும் சரக்கு சால்ட் கொட்டார்ஸ் கூட்ஸ் யார்டில் இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியிலும் கை வண்டியிலும் கடைக்கு வரும். அன்றைய மூட்டை 100 கிலோ. அதை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிக் கிட்டங்கிக்குப் படியேறிய தொழிலாளர்களை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு முதுகு வலிக்கிறது.

சில்லறைக் கடைகளில் இரண்டு ஜாதி இருந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் மாதச் சம்பளக்காரர்களின் கடை. முதல் தேதிக்குப் பிறகு வீட்டிலிருந்து நீளமான லிஸ்ட் வரும். துவரம் பருப்பில் தொடங்கிப் பெருங்காயத்தில் முடியும். கடைப் பையன் எல்லாவற்றையும் கட்டி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பான். திருவல்லிக்கேணியில் 1904-லேயே தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்த வாடிக்கையாளர்களுக்காகத்தான் நம்மவர்களோடு போட்டி போட்டது. ஆகவே போட்டி என்பது நேற்று முளைத்தது அல்ல.

இன்னொன்று அன்றாடக் கூலிக்காரர்களின் கடை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, ஓட்டேரிப் பக்கம் இவை அதிகம். அங்கே லிஸ்ட் கிடையாது. மாலையில் கூலி கைக்கு வந்ததும் கூட்டம் வரும். பத்துப் பைசாவுக்கு மிளகாய்த் தூள், ஐந்து பைசாவுக்குப் புளி, ஒரு சின்னக் குப்பியில் எண்ணெய். எல்லாம் செய்தித்தாள் பொட்டலம், சணல் கட்டு. 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது பொட்டலம் மடிக்கத் தெரிந்த ஆள் கடைக்கு ஒருவர்கூட இல்லாமல் நம்மில் பலர் தவித்தது நினைவிருக்கும்.

இந்த இரண்டு வகைக் கடைகளுக்கும் ஒரே பஞ்சாங்கம்தான். ஆனால் அது இரண்டு விதமாக வேலை செய்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

வருஷச் சாமான்

வருடத்தில் மிகப் பெரிய வியாபாரம் தீபாவளி என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அன்றைக்கு மாசி, பங்குனி, சித்திரைதான் உயிர். காரணம் வருஷச் சாமான்.

புளி, மிளகாய், தனியா, மஞ்சள், துவரை, உளுந்து எல்லாமே தை கடைசி முதல் சித்திரை வரையில்தான் புது வரத்தாகச் சந்தைக்கு வரும். குண்டூர் மிளகாயும் நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயும் மாசி, பங்குனியில் குவியும். ஈரோட்டு மஞ்சள் தை, மாசியில் தொடங்கும். வட இந்தியத் தனியா பங்குனியில் கைக்கு வரும். காவிரிப் பாசனத்தில் நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்து பங்குனி, சித்திரையில் வரும். வரத்து அதிகமானால் விலை இறங்கும். அதே சமயத்தில் சென்னை மொட்டை மாடிகளில் வெயில் கொளுத்தும். சரக்கு மலிவு, காயவைக்க வெயில் இலவசம். இந்த இரண்டும் ஒன்றாக வருவதால்தான் குடும்பங்கள் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கி வைத்தன. சம்பிரதாயம் என்று பெயர் சொன்னாலும், உள்ளே இருந்தது கணக்கு.

பத்துப் பேர் உள்ள கூட்டுக் குடும்பம் என்றால் புளி மட்டும் பத்து வீசை வாங்குவார்கள். மெட்ரிக் எடைகள் 1958-ல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாகிவிட்டன என்றாலும், 1970-களிலும் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வீசைதான். இளையவர்களுக்காகச் சொல்கிறோம்: 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு கண்டி, அதாவது 500 ராத்தல். பாட்டி பத்து வீசை என்றால் பையன் மனதுக்குள் 14 கிலோ என்று போட்டுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு கிலோ நிறுத்தால் மறுநாள் திட்டு வரும்.

புளியை வாங்கியவுடன் கொட்டை நீக்கி, கோது எடுத்து, கல் உப்புக் கலந்து, வெயிலில் உலர்த்திப் பானையிலோ ஜாடியிலோ அடைத்து வைப்பார்கள். மிளகாய் நன்றாகக் காய்ந்து கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும். பிறகு மிளகாயும் தனியாவும் மஞ்சளும் சேர்த்து மிஷினில் அரைக்க வரிசை நிற்கும். சித்திரை மாதம் தெருவுக்குத் தெரு மிஷின்காரர் தும்மிக்கொண்டே இருப்பார். கூடவே வடாம், வற்றலுக்குச் சேலத்து ஜவ்வரிசி. மாவடு வரும்போது கல் உப்பும் கடுகும் விளக்கெண்ணெயும். சித்திரை, வைகாசியில் ஆவக்காய் போடும் வீடுகளுக்கு நல்லெண்ணெய், கடுகுத் தூள், நிறம் கொடுக்கும் மிளகாய்த் தூள். சென்னையில் தெலுங்குக் குடும்பங்கள் ஏராளம். யுகாதிக்கும் ஆவக்காய்க்கும் தனியாகச் சரக்கு வைக்காத கடைக்காரர் அந்த வீடுகளை இழந்துவிடுவார்.

இந்த மூன்று மாதத்தில் தவறான வாரத்தில் வாங்கினால் ஒரு வருஷ லாபம் போய்விடும். முதல் வரத்துச் சரக்கில் ஈரம் இருக்கும். நூறு கிலோ என்று வாங்கிய மிளகாய் கிட்டங்கியில் இரண்டு மாதம் கிடந்தால் எடை குறைந்து நிற்கும். அந்தக் குறைவு யார் தலையில்? நம் தலையில்தான். கடைசிப் பறிப்புக்குக் காத்திருந்தால் நிறம் இருக்காது, தாலும் வெள்ளைக்காயும் கலந்து வரும். எங்கள் தெருவில் அனுபவசாலிகள் பங்குனி பாதிக்குமேல் சித்திரை முதல் வாரத்துக்குள் பெரும் கொள்முதலை முடிப்பார்கள். குத்தூசியை மூட்டையின் நடுவில் விட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்துக் காய்ச்சல் போதுமா என்று சொல்லிவிடுவார்கள். ஈரப்பத மீட்டர் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஓட்டேரிப் பக்கம் ஒரு சில்லறைக் கடைக்காரர் எங்களிடம் சரக்கு எடுத்தார். பெரிய முதல் போட்டவர் அல்ல. மாசி பிறந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்குப் போவார். "அக்கா, இந்த வருஷம் புளி எத்தனை வீசை எழுதட்டும்? மிளகாய் குண்டா, நீட்டா?" என்று கேட்டு எழுதி, பாதிப் பேரிடம் முன்பணமாக ஐந்தோ பத்தோ வாங்கிவிடுவார். பிறகு அந்த நோட்டோடு எங்கள் கடைக்கு வந்து, கூட்டிய தொகைக்கு மட்டும் சரக்கு எடுப்பார். ஒரு மூட்டைகூட மிஞ்சாது. வட்டிக்குப் பணம் வாங்க வேண்டியதும் இல்லை. எங்களுக்கும் அவர் தவணை தவறியதில்லை. இப்போது கம்பெனிகள் முன்பதிவு என்று பெரிய விளம்பரம் செய்கின்றன. நமக்கு அது நாற்பது பக்க நோட்டில் இருந்தது.

இதே நாட்களில் சென்னையில் பங்குனிப் பெருவிழா. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழாவன்று தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், பானகம். ஸ்ரீராம நவமிக்கும் அதே சரக்கு: வெல்லம், சுக்கு, ஏலக்காய், பெருங்காயம். பந்தல் போடுகிறவர்கள் முதல் நாள்தான் வருவார்கள். ஆகவே வெல்லத்தைத் தட்டிப் பொடித்துத் தயாராக வைக்கும் வழக்கம் இருந்தது.

வைகாசி கடைசியில் இந்த வியாபாரம் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது அல்லவா? ஆனி என்றால் புத்தகம், சீருடை, கட்டணம். மளிகைக் கடைப் பாக்கிக்கு வீட்டில் கடைசி இடம்தான். சித்திரையில் கடனாகக் கொடுத்த வருஷச் சாமானின் பாக்கியை வைகாசிக்குள் வாங்காதவர் ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் பேரேட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது.

ஆடி முதல் புரட்டாசி வரை

ஆடியில் கல்யாணம் இல்லை. முகூர்த்தச் சரக்கு நின்றுபோகும். தள்ளுபடி என்பது ஜவுளிக்காரர்களுக்கு. நமக்கு அது கிட்டங்கி சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் மாதம். விருதுநகர், குண்டூர், ஈரோடு போய் வருவதும் அப்போதுதான். ஆனால் வடசென்னைக் கடைக்காரருக்கு ஆடி ஓய்வு மாதம் அல்ல. அம்மன் கோயில் தோறும் கூழ் வார்ப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக் கேழ்வரகும் கம்பும் நொய்யும் மூட்டை மூட்டையாகப் போகும். கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் என்பதால் புளியும் மிளகாயும் பின்னாலேயே போகும். ஞாயிற்றுக்கிழமைதான் கூழ் ஊற்றுவது அதிகம். வெள்ளிக்கிழமைக்குள் சரக்குக் கடையில் இருந்தாக வேண்டும்.

ஆவணியில் கோகுலாஷ்டமிக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் உளுந்து, எள், வெல்லம், கடலைப் பருப்பு என்று இரண்டு நல்ல வாரங்கள்.

புரட்டாசியில் பாதி ஊர் அசைவத்தை நிறுத்தும். மீன் கடையில் ஈ ஓட்டும்போது பருப்புக் கடையில் கூட்டம். மசாலாச் சாமான் கொஞ்சம் குறையும். துவரை, கடலைப் பருப்பு, கறுப்பு உளுந்து, நெய் ஏறும். இந்த மாதத்தில்தான் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதித் திருக்குடை ஊர்வலம் புறப்பட்டு யானைகவுனியைத் தாண்டும். ஜார்ஜ் டவுன் முழுக்க ஜனக்கடல். அன்று ஒரு கை வண்டிகூட நகராது என்பதால், வெளியூர்ச் சரக்கை இரண்டு நாள் முன்பே இறக்கிவிடுவோம். நவராத்திரிக்குச் சுண்டல்: கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, பயறு என்று நாளுக்கு ஒன்று. ஆயுத பூஜைக்குப் பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை.

பெரம்பூர், அயனாவரம் கடைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு. ரயில்வே ஊழியர்களுக்கு 1979-80 முதல் உற்பத்தியோடு இணைந்த போனஸ் வந்தது. அது பூஜைக்கு முன்பே கைக்குக் கிடைக்கும். தனியார் ஆலைகளில் தீபாவளியை ஒட்டித்தான் கொடுப்பார்கள். ஆகவே ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றிய கடைகளில் தீபாவளிச் சரக்கு ஆயுத பூஜையன்றே நகரத் தொடங்கும். வேறு பேட்டைக் கடைக்காரர் இதைப் பார்த்துத் தானும் முன்கூட்டி அடுக்கினால் பணம் முடங்கும்.

தீபாவளியும் மழையும்

தீபாவளிக்கு என்ன சரக்கு என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கடலை மாவு, மைதா, சர்க்கரை, வனஸ்பதி, நல்லெண்ணெய், சீயக்காய், லேகியச் சாமான். எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு அன்று நாங்கள் முதலில் பார்த்தது பண்டிகை ஆங்கில மாதத்தின் எந்தத் தேதியில் விழுகிறது என்பதை.

சமீபத்திய உதாரணமே போதும். 2023-ல் தீபாவளி நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. நவம்பர் 12 என்றால் சம்பளம் வந்து பத்து நாள் ஆகியிருக்கும், ரொக்கம் புரளும். அக்டோபர் 31 என்றால் சம்பளம் வருமா வராதா என்ற இழுபறியில் கடைசி இரண்டு நாளில் எல்லோரும் வருவார்கள். அக்டோபர் 20 என்றால் முதல் தேதிச் சம்பளம் தீர்ந்துபோயிருக்கும், கடன் கேட்பவர்களே அதிகம். அன்று போனஸ்தான் கைகொடுத்தது. 1965-ல் வந்த போனஸ் சட்டம் தொழிலாளிக்கு மட்டும் நன்மை செய்யவில்லை, அவருக்கு மளிகை கொடுத்தவருக்கும் செய்தது. தேதி முன்னால் விழுந்த வருடங்களில் மொத்த வியாபாரிகள் சில்லறைக் கடைகளுக்கு 30 நாள் தவணையை 45 நாளாக நீட்டுவார்கள். தாராள மனசு என்று சொல்ல முடியாது. வேறு வழியில் வசூல் ஆகாது.

தீபாவளிச் சீட்டு நடத்திய கடைக்காரர்கள் இந்தத் தேதிச் சிக்கலிலிருந்து தப்பினார்கள். மாதம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கட்டி வந்தவர்களுக்குப் பண்டிகைக்கு முன்னால் சாமானாகவே கொடுத்துவிடுவது. ஒழுங்காக நடத்தியவர்கள் பிழைத்தார்கள். சீட்டுப் பணத்தை எடுத்து வேறு வியாபாரத்தில் போட்டவர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறோம். கட்டியவர்கள் எல்லாம் கூலி வேலை செய்யும் பெண்கள்.

இப்போது மேலே விட்ட இடத்துக்கு வருவோம். தீபாவளி நேரம்தான் வடகிழக்குப் பருவமழை. மயிலாப்பூர்க் கடைக்கு இது கல்லா நிரம்பும் ஐப்பசி. காசிமேட்டுக் கடைக்கு இது கடன் நோட்டு நிரம்பும் ஐப்பசி. புயல் சின்னம் என்றால் மீனவர் கடலுக்குப் போவதில்லை. கட்டட வேலை நிற்கும். கை வண்டிக்காரருக்குச் சவாரி இல்லை. அன்றாடக் கூலி நின்றால் அன்றாடப் பொட்டலமும் நிற்க வேண்டும். ஆனால் வயிறு நிற்காதே! 1976 நவம்பரிலும் 1985 நவம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது பல வாரங்கள் அரிசியும் பருப்பும் கடனிலேயே போயின. இந்தக் கடனைக் கொடுப்பதா மறுப்பதா என்பது அந்தச் சிறு கடைக்காரருக்கு வருடா வருடம் வந்த சோதனை. மறுத்தால் வெயில் வந்த பிறகு அந்தக் குடும்பம் அவர் படி ஏறாது. அளவில்லாமல் கொடுத்தால் தை மாதம் மொத்த வியாபாரிக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. கெட்டிக்காரர்கள் கடனை அரிசி, பருப்பு, எண்ணெய், உப்போடு நிறுத்திக்கொண்டார்கள். பட்டாசுக்கும் பலகாரச் சாமானுக்கும் கடன் எழுத மாட்டார்கள். நாங்களும் அப்படிப்பட்ட கடைகளின் ஐப்பசி, கார்த்திகைப் பாக்கிக்குப் பொங்கல் கழியும்வரை ஆள் அனுப்ப மாட்டோம். கடுமையாகக் கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடும். ஆனால் அடுத்த வருஷம் அந்தக் கடை இருந்திருக்காது. இன்று காசிமேட்டுக் கடைகளுக்கு இன்னொரு மந்த காலமும் சேர்ந்திருக்கிறது. 2001-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து 61 நாட்கள். அந்தப் பகுதிக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் இதையும் காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

மழையில் சரக்கைக் காப்பது தனி வேலை. வெல்லம் கசியும், உப்பு நீர் விடும், புளி கறுக்கும், பருப்பில் வண்டு விழும். ஐப்பசிக்கு முன்பே கிட்டங்கியில் மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் அடுக்குவோம். வெல்லத்தையும் உப்பையும் அருகருகே வைக்க மாட்டோம். வெயில் தலைகாட்டும் நாளில் கதவைத் திறந்துவிடுவோம். உப்பளங்களில் மழைக்காலத்தில் உற்பத்தி நிற்கும் என்பதால் உப்பு விலை ஏறும். ஆகவே ஆவணிக்குள் உப்பு வாங்கி முடிப்பது வழக்கம். விலை ஏறினாலும் உப்பு மூட்டை இரவெல்லாம் கடைக்கு வெளியேதான் கிடக்கும். உப்பைத் திருட எவனுக்கும் மனசு வராது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அது பொய்த்ததாக எங்களுக்கு நினைவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் புயலிலும் தரைத்தளக் கிட்டங்கியில் சரக்கை இழந்தவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. ஆவணியிலேயே காப்பீட்டைப் புதுப்பித்து, மேல்தட்டுக்கு மாற்ற வேண்டியதைப் பட்டியலிட்டு வைத்தால் கார்த்திகையில் ஓட வேண்டியதில்லை.

கார்த்திகைக்குப் பொரியும் வெல்லமும். மார்கழியில் கோயில் பொங்கலுக்குப் பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், நெய். வேப்பேரி, ராயபுரம், சாந்தோம் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மைதா, உலர்ந்த திராட்சை. பிறகு போகி மேளம், தைப்பொங்கல், புது வெல்லம், புதுப் பச்சரிசி என்று வருடம் சுற்றி வரும். அரிசி வணிகம் பெரும்பாலும் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த காலம் அது. 1967-ல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வந்த கதையெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியது.

கணக்குப் புத்தகமும் பஞ்சாங்கத்தோடு ஓடியது. சௌகார்பேட்டை வட இந்திய வணிகர்கள் தீபாவளியன்று புதுப் பேரேட்டுக்குப் பூஜை போட்டார்கள். நம்மவர்கள் பலர் சித்திரை முதல் நாள் புதுக் கணக்கு எழுதினார்கள். வருமான வரிக்கும் அந்தந்த வருஷ முடிவையே வைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. 1989-90 மதிப்பீட்டு ஆண்டு முதல்தான் எல்லோருக்கும் ஏப்ரல்–மார்ச் என்று ஒரே கணக்காண்டு கட்டாயமாயிற்று. வசதிதான். ஆனால் எங்கள் சரக்கு அதிகமாகக் கையிருப்பில் இருக்கும் பங்குனியில் இருப்புக் கணக்கு எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூட்டை எண்ணி மாளாது.

இன்று என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்க்க வேண்டும். வருஷச் சாமான் வாங்கும் குடும்பம் அருகிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் உலர்த்த மாடியும் இல்லை, வைக்கப் பானையும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் வீட்டு வாசலில் சாமான் கொடுக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன. குளிர்பதனக் கிட்டங்கியால் குண்டூர் மிளகாய் வருடம் முழுதும் கிடைக்கிறது. துவரை மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷனிலேயே துவரம் பருப்பும் பாமாயிலும் கிடைப்பதால், கார்டுக்குப் பருப்பு கொடுக்கும் வாரத்தில் கடையில் பருப்பு நகர்வதில்லை. இதையும் நோட்டில் குறிக்க வேண்டும்.

மாறாதது வயலின் மாதமும் பண்டிகையின் மாதமும். புளி இன்றும் மாசி, பங்குனியில்தான் மலிவு. கூழ் இன்றும் ஆடி ஞாயிறில்தான். பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சராசரி போடும். உங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் மூன்றாவது ஞாயிறா நான்காவது ஞாயிறா என்பது உங்களுக்குத்தான் தெரியும். சுற்றுவட்டாரத்தில் முந்நூறு வீடு உள்ள கடைக்காரர் மாசியில் ஐம்பது வீட்டில் புளிக்கும் மிளகாய்க்கும் ஆர்டர் எழுதி வாங்கினாலே, அந்தச் சரக்கை ஒருநாள்கூட முடக்காமல் கைமாற்றிவிடலாம். வீட்டில் அரைத்த மிளகாய்த் தூளுக்குத் திரும்பும் இளம் குடும்பங்கள் இப்போது சில இருக்கின்றன. எங்களிடம் வரும் கடைக்காரர்கள் மூவர் இரண்டு ஆண்டாக இப்படி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குகிறார்கள். நன்றாகப் போகிறது.

கடைசியாக ஒன்று. மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைக் கடைக்காரர்கள் அன்றே இரண்டு காலண்டர் மாட்டியிருந்தார்கள். இஸ்லாமிய மாதங்கள் பிறையைக் கொண்டு கணக்கிடப்படுவதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 1974-ல் புரட்டாசி பிறப்போடு தொடங்கிய நோன்பு, 1983-ல் ஆனியில் வந்தது. நோன்புக் கஞ்சிக்கு நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம். போன வருஷ விற்பனை நோட்டைப் பார்த்து அதே மாதத்தில் வாங்கினால் ஏமாந்து போவோம். 1997, 1998 ஆண்டுகளில் நோன்பும் பொங்கலும் ஒன்றாக வந்தன. பாசிப்பருப்பை இரண்டு பக்கமும் கேட்டார்கள். கணக்குப்படி அதே நிலை 2030 ஜனவரியில் மறுபடி வருகிறது. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் அடுத்த நோன்பும் தொடங்கிவிடும். தேதி பிறை பார்த்தே உறுதியாகும் என்றாலும், 2029 கார்த்திகையிலேயே பாசிப்பருப்பை எழுதி வைத்துவிடுங்கள்.